மணலைக் கிளறாதீங்க, உள்ளே ஆள் இருக்கு!

2012-ல் ‘மேட் மேக்ஸ்: ஃபியூரி ரோடு’ படத்துக்காக ஒரு வண்டிப் பட்டாளமே நமீபியாவின் பாலைவனத்தில் போய் இறங்கியது. படத்தின் ஆரம்பத்திலேயே ஓர் இரட்டைத்தலைப் பல்லி ஓடிவரும். ஹீரோ அதை மிதித்து, எடுத்து, அப்படியே வாயில் போட்டுக்கொள்வார். பல்லி கிராஃபிக்ஸ். அட, எதுக்குங்க அந்தச் செலவு? எந்த கிராஃபிக்ஸ்காரருக்கும் தோன்றாத ஒரு பல்லி அதே நமீப் மணலில், கை நுழையும் ஆழத்தில், பகல் தூக்கம் போடுகிறதே!

ஸ்வகோப்முண்ட் ஊருக்குத் தெற்கே போனால், அட்லாண்டிக் கடலை ஒட்டியே மணல்மேடுகள் ஆரம்பமாகிவிடும். காலை வெயில் சாய்ந்து விழுகிற நேரமாகப் பார்த்து வழிகாட்டிகள் ஜீப்பில் கூட்டிப்போகிறார்கள். காரணம் இருக்கிறது. அந்த வெயிலில்தான் மணலில் பதிந்த குட்டிக் குட்டிக் காலடிகூட நிழலோடு எடுப்பாகத் தெரியும். நமக்கு அது வெறும் மணல். வழிகாட்டிக்கோ ராத்திரி நடந்த அத்தனை வம்பும் அதில் எழுதியிருக்கிறது. இங்கே வண்டு போயிருக்கு, இங்கே ஒருத்தர் பின்னாலேயே வந்திருக்கார், இதோ வண்டின் தடம் பாதியில் நின்னுபோச்சு. பாவம் வண்டு! அடுத்த தடத்தைப் பிடித்துக்கொண்டே போய், அது முடிகிற இடத்தில் மண்டியிட்டு, விரலால் பூப்போல மணலை ஒதுக்குகிறார். வந்துவிட்டது பால்மட்டோ பல்லி.

கிட்டே போய்ப் பாருங்கள். வெளிர்சிவப்புத் தோல், உள்ளுறுப்புகள் நிழலாட்டமாகத் தெரிகிற அளவுக்கு மெல்லிசு. விரல்களுக்கு நடுவே சவ்வு. மழையே இல்லாத ஊரில் நீச்சலா என்று கேட்காதீர்கள், அது மணல் தோண்டுவதற்கு. இமை கிடையாது. அதனால் நாக்கை நீட்டித் தன் கண்ணைத் தானே துடைத்துக்கொள்கிறது. மூடுபனி வந்தால் முகத்தில் படிந்த ஈரத்தையும் அதே நாக்கால் நக்கிக் குடித்துவிடும். வெயில் தாங்காத தோல் என்பதால் தரிசனம் சட்டென்று முடிந்துவிடுகிறது. மறுபடி மணலுக்குள்.

இந்த வேடிக்கைக்கெல்லாம் சூத்திரதாரி பெங்குவெலா என்ற குளிர்ந்த கடல் நீரோட்டம். கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. அதன் மேலே குளிர்ந்துபோகிற காற்று மேலெழுந்து மழையாவதில்லை, மூடுபனியாகத்தான் திரள்கிறது. கரையில் ஆண்டு மழை 20 மில்லிமீட்டரைத் தொடுவதே அபூர்வம். பனியோ சில நாள் 100 கிலோமீட்டர் உள்ளே வரை போய்விடும். இங்கே குடிநீர் விநியோகம் அதுதான்.

அதற்கு வரிசையில் நிற்பவர்களில் பிரபலமானது ஒரு கறுப்பு வண்டு. மேட்டின் உச்சிக்கு ஏறி, காற்றைப் பார்த்துத் தலையைக் கீழே, பின்புறத்தை மேலே வைத்து நிற்கும். முதுகில் படிகிற பனி துளியாகி வாய்க்கு வழிந்து வரும். குயிசெப் ஆற்றங்கரையில் 1962 முதல் இயங்கும் கோபபெப் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த மேரி சீலியும், ஹாமில்டன் என்ற ஆய்வாளரும் 1976-ல் இதை எழுதினார்கள். ஒரே காலையில் உடல் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஏற்றிக்கொள்ளுமாம்!

இப்போது திரைக்குப் பின்னால் நடந்த கூத்து. 2001-ல் இன்னொரு ஆய்வு வந்தது. முதுகில் மேடுமேடாக உள்ள ஒரு நமீப் வண்டு, அந்த மேடுகளில்தான் நீர் பிடிக்கிறது என்றது. பொறியாளர்கள் குதித்தார்கள், அதைப் பார்த்துப் பனி அறுவடைத் தகடுகள் செய்தார்கள். 2010-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் நான்கு வகை வண்டுகளைக் குளிர்ந்த பனிக்குள் விட்டுப் பார்த்தால், தலைகீழாக நின்றது ஒன்றே ஒன்று. அதன் முதுகில் அந்த மேடுகளே இல்லை! புகழ் முழுக்க ஆள் மாறிப் போயிருந்தது. எனக்கு இந்தக் கதையில் அலுப்பே வராது.

அடுத்து, ஒரு சாண் நீளமே உள்ள பெரிங்குவே விரியன். கண்கள் உச்சந்தலையில். உடம்பை மணலில் புதைத்து, கண்ணையும் வால் நுனியையும் மட்டும் வெளியே விட்டு, வாலைப் புழுவாக ஆட்டும். ஏமாந்த பல்லி காலை உணவு. இருக்கிற இடம் தெரியாமல் காலை வைத்துவிடாதீர்கள், விஷம் உண்டு. நமக்வா பச்சோந்தியோ மரம் ஏறுகிற சாதியே இல்லை. குளிர்ந்த காலையில் வெயில் படும் பக்கத்தை மட்டும் கறுப்பாக்கி, மறுபக்கம் வெளிறிப்போய் நிற்கும். பாதி கறுப்பு, பாதி சாம்பல்! தங்கச் சக்கரச் சிலந்திக்குக் குளவி துரத்தினால் ஓடப் பொறுமையில்லை. கால்களை மடக்கிப் பக்கவாட்டில் சாய்ந்து, சரிவில் சக்கரமாக உருண்டுவிடும். நொடிக்கு 44 சுற்று வரை கணக்கிட்டிருக்கிறார்கள்.

செடிகளும் சளைத்தவை அல்ல. நாரா என்ற முள் புதருக்கு இலையே கிடையாது, பச்சைத் தண்டே சமையல் பார்த்துக்கொள்கிறது. வேர் ஆழத்து நீரைத் தேடிப் போகும். குயிசெப் கரையில் வாழும் டாப்னார் மக்கள் தலைமுறைகளாக அதன் பழத்தைப் பறித்து, விதையைக் காயவைத்துச் சாப்பிடுகிறார்கள். உள்நாட்டுக் கூழாங்கல் சமவெளியில் வெல்விட்சியா. குப்பைக் குவியலாகக் கிடக்கும். எண்ணிப்பார்த்தால் இலை இரண்டே இரண்டு. ஆயுள் முழுக்க அவையே வளர்ந்து, காற்றில் கிழிந்து நார்நாராகிப் பல இலைகளாக வேஷம் போடுகின்றன. ஆயிரம் வயதைத் தாண்டிய செடிகள் உண்டு.

அங்கே மட்டும் ஜீப் பாதையை விட்டு ஓர் அங்குலம் விலகாது. மணல்மேட்டில் பதிந்த சக்கரத் தடத்தைக் காற்று அழித்துவிடும். இந்தக் கூழாங்கல் தரையில் அது முடியாது. அந்தக் காலத்து மாட்டுவண்டித் தடங்களே இன்னும் அழியாமல் கிடக்கின்றன.