காற்றைத் தாங்கும் நாற்றங்கால் கூடு

2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயலில், பண்ருட்டி வட்டாரத்தில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. மரம் போன பிறகு மறுநடவுக்கு ஒட்டுக்கன்றுதான் கைகொடுக்க வேண்டும். கன்று வைத்திருக்கும் நிழல் பந்தலும் அதே காற்றில் விழுந்துவிட்டால் விவசாயிக்கு இரட்டை நட்டம்.

சவுக்குக் கழிகளால் போடும் பந்தல் சதுரம் சதுரமாக அமைவது. நான்கு குச்சிகளைச் சதுரமாகக் கட்டி ஒரு மூலையைத் தள்ளினால் சாய்ந்துவிடும். மூன்று குச்சிகளை முக்கோணமாகக் கட்டினால், குச்சி ஒடிந்தாலொழிய அது உருமாறாது. முக்கோணங்களை மட்டுமே சேர்த்துக் கவிழ்த்த சட்டிபோல் அமைக்கும் கூரைக்கு ஜியோடெசிக் டோம் என்று பெயர். அமெரிக்காவின் பக்மின்ஸ்டர் புல்லர் 1954-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1967-ல் கனடாவின் மான்ட்ரீல் கண்காட்சிக்கு அவர் அமைத்த கூரையின் மேலுறை 1976-ல் தீயில் எரிந்தது. எஃகுச் சட்டம் அப்படியே நின்றது.

சிறு நாற்றங்காலுக்கு 15 அடி விட்டமுள்ள கூடு போதும். நடுவில் ஏழரை அடி உயரம் கிடைக்கும். இதற்கு ஒரு அங்குலக் கனமுள்ள ஜி.ஐ. குழாயை 149 செ.மீ. நீளத்தில் 35 நெட்டைத் துண்டுகளாகவும், 132.3 செ.மீ. நீளத்தில் 30 குட்டைத் துண்டுகளாகவும் வெட்ட வேண்டும். இரு முனையிலும் இரண்டரை செ.மீ. உள்ளே தள்ளித் துளை போட்டால், துளைக்குத் துளை முறையே 144, 127.3 செ.மீ. வரும். இந்த அளவில் 6 மீட்டர் குழாய் 17 வாங்கினால் போதும். விட்டத்தை 5 மீட்டராக்கினால் கூடுதல் குழாய் வேண்டும்; மிச்சத் துண்டுகள் வீணாகும்.

கூட்டின் பலம் மூட்டில் இருக்கிறது. குழாயின் முனையை வைஸில் வைத்துச் சுமார் 6 செ.மீ. தட்டையாக அழுத்தி, குட்டையை 16 பாகையும் நெட்டையை 18 பாகையும் உள்நோக்கி வளைக்க வேண்டும். இரு முனைகளும் ஒரே தளத்தில் தட்டையாக இருப்பது அவசியம். ஒன்று திரும்பியிருந்தால் பூட்டும்போது குழாய் முறுக்கிக்கொள்ளும். குழாயின் பற்றவைப்புத் தையல் மடிப்பின் ஓரத்தில் வந்தால் பிளந்துவிடும். தட்டையான முகத்தில் வரும்படி வைக்க வேண்டும். பட்டறையில் சூடேற்றி அடிக்கலாம் என்பார்கள், வேண்டாம். துத்தநாகப் பூச்சு கெடும், அந்தப் புகையும் ஆகாது. முதலில் ஒரே ஒரு துண்டைச் செய்து அளந்து பார்த்து, அதையே மாதிரியாக வைத்து மற்றவற்றைச் செய்வது நல்லது.

மூட்டுகள் 26. உச்சியில் ஒன்று, அடுத்த சுற்றில் ஐந்து, அதற்கடுத்துப் பத்து, தரையில் பத்து. உச்சியில் ஐந்து குட்டைகள் சேரும். மூன்றாம் சுற்றில் ஒன்றுவிட்டு ஒன்றும் அப்படியே. இரண்டாம் சுற்றிலும் மூன்றாம் சுற்றின் மீதி ஐந்திலும் இரண்டு குட்டை, நான்கு நெட்டை. தரையில் ஒரு குட்டை, மூன்று நெட்டை. நெட்டை முனைகளுக்குச் சிவப்புச் சாயம் அடித்துவிட்டால் குழப்பம் வராது. எல்லா முனைகளையும் 10 மி.மீ. போல்ட் ஒன்றில் கோத்து, இருபுறமும் அகல வாஷர் போட்டு, இரட்டை நட் பூட்ட வேண்டும். கூடு முழுதும் எழும்பும் வரை நட்டுகளைத் தளர்வாகவே விட்டு, கடைசியில் இறுக்க வேண்டும்.

குழாய்க்குப் பதிலாகச் சவுக்குக் கழியும் இரும்புப் பட்டையும் வைத்துச் செய்வோர், முனையிலிருந்து நான்கு அங்குலமாவது தள்ளித் துளை போட வேண்டும். ஓரத்தில் போட்டால் கழி நார்வாக்கில் பிளக்கும். பச்சைக் கழி காயும்போது சுருங்குவதால் போல்ட் தளர்ந்துவிடும்.

கூடு எடை குறைந்தது. காற்று அதைத் தள்ளுவதுடன் தூக்கவும் பார்க்கும். காற்றின் வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்காகிறது. ஆகவே தரை மூட்டு ஒவ்வொன்றின் கீழும் ஒரு அடிச் சதுரத்தில் இரண்டரை அடி ஆழம் கான்கிரீட் போட்டு, அதில் பதித்த கம்பியுடன் மூட்டைப் பிணைக்க வேண்டும். ஒரு கட்டை ஏறக்குறைய 160 கிலோ இருக்கும். கடலூர்க் கரையோர மணலில் முளைக்குச்சி அடிப்பது பயன் தராது. சிதம்பரம் பக்கத்துக் களிமண்ணும் மழையில் இளகிவிடும். அங்கே நீர் தேங்காத மேட்டில் கூடு அமைப்பதே சரி.

நுழைவதற்காக ஒரு குழாயைக் கழற்றுவது பலரும் செய்யக்கூடிய தவறு. வாசல் வேண்டுமானால் சுற்றியுள்ள மூட்டுகளைத் தனிச் சட்டத்தால் பிணைத்துவிட்டே கழற்ற வேண்டும். நிழல்வலையை எளிதில் அவிழ்க்கும்படி கயிற்றால் கட்டுவது நல்லது. புயல் எச்சரிக்கை வந்ததும் வலையை எடுத்து, கன்றுகளை வீட்டுக்குள் வைத்துவிட்டால், வெறும் சட்டத்தில் காற்று புகுந்து போய்விடும்.

தட்டையாக்கிய இடத்தில் பூச்சு உதிர்ந்திருக்கும். கடற்காற்றில் துரு அங்கேதான் தொடங்கும். பூட்டுமுன் துத்தநாகச் சாயம் இரண்டு கை அடிக்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி மழைக்கு முன் 26 மூட்டுகளிலும் ஸ்பானர் போட்டுப் பார்த்து, துருவேறிய போல்ட்டை மாற்றிவிட வேண்டும்.