சரளைப் பாதையும் சைக்கிள் பயணமும்

தொழிற்சாலைகள் சூழ்ந்த எல்லையூரான ஜூஜுவாடியிலிருந்து ஓசூர், மத்திகிரி வழியே தெற்கே தளிப் பக்கம் சென்றால், கேழ்வரகுக் கொல்லைகளினூடே செம்மண் சரளைப் பாதைகள் தொடங்கிவிடும். இத்தகைய பாதைகளில் ஓடுவதற்கென்றே அகன்ற டயருடைய சைக்கிள்கள் இப்பொழுது வந்துள்ளன. அவற்றில் வருவோருக்குத் தார்ச்சாலை வேண்டுவதில்லை. நமது வண்டிக்கும் பால் கேனுக்கும் உதவும் அதே பாதை நன்னிலையில் இருந்தாற் போதும்.

சரளைப் பாதைக்குப் பகை சக்கரமன்று, தேங்கும் நீரே. 3 மீட்டர் அகலப் பாதையாயின், நடுப்பகுதி ஓரங்களைவிட 6 செ.மீ. உயர்ந்திருத்தல் வேண்டும், இருபுறமும் வடிகால் வேண்டும். பாதையின் குறுக்கே வாய்க்கால் வெட்டி நீர் பாய்ச்சிவிட்டு, மூடாமற் போவது நம்மவர் சிலரின் வழக்கம். அப்பள்ளத்தில் சைக்கிள் மட்டுமா, கேழ்வரகு மூட்டையும் கவிழும்! சிமெண்டுக் குழாய் பதித்து நீரைக் கடத்துவதே முறை.

எப்பாதையைக் காட்டுவது என்பதில்தான் உறுப்பினர்களின் பொறுப்பு மிகுதி. ஜவளகிரி, அஞ்செட்டிப் பகுதிக் காடுகளிற் பல, 2014-இல் அறிவிக்கப்பட்ட 504 சதுர கிலோமீட்டர்ப் பரப்புள்ள காவேரி வடக்கு வனவிலங்குச் சரணாலயத்தைச் சேர்ந்தவை. அனுமதியின்றி அதனுட் புகுதல் குற்றம். கேழ்வரகு முற்றும் பருவத்தில் பன்னேர்கட்டாப் பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் வருவதை நீங்கள் அறிவீர்கள். சைக்கிளோ ஓசையின்றி விரைவது; வளைவில் எதிர்ப்படும் வரை யானைக்கும் தெரியாது, ஓட்டுபவருக்கும் தெரியாது.

ஆகையால் ஊர்களை இணைக்கும் கொல்லைப் பாதைகளையே காட்டுக. காட்டோரப் பாதைகளின் முகப்பில் தமிழிலும் கன்னடத்திலும் எச்சரிக்கைப் பலகை வைத்தல் நலம். யானை இறங்கிய செய்தி வந்த நாளில் அப்பாதையை அடைத்துவிடலாம்; வந்தவர் முகம் சுளித்தாலும் பாதகமில்லை.