விரல் நுனியும் மின்சாரமும்

சிங்கப்பூரில் கிட்டார் வாங்க நினைப்பவர்கள் கோல்மன் ஸ்ட்ரீட்டில் இருக்கும் பெனின்சுலா ஷாப்பிங் சென்டருக்குப் போவார்கள். அங்கே சுவரில் தொங்கும் எலக்ட்ரிக் கிட்டார் ஒன்றை இறக்கி, எதிலும் இணைக்காமல் மீட்டிப் பாருங்கள். அடுத்து நிற்பவருக்கே அரைகுறையாகத்தான் கேட்கும். வீணைக்குக் குடம் உண்டு, சாதாரண கிட்டாருக்கு உள்ளே வெற்றிடம் உண்டு. இதற்கு இருப்பதோ திடமான மரக்கட்டை. தந்தியின் அதிர்வை வாங்கிக் காற்றைப் பெரிதாக அசைக்கும் உறுப்பே அதில் இல்லை.

தந்திகளுக்கு அடியில் பதித்திருக்கும் சின்னப் பெட்டியைப் பாருங்கள். பிக்அப் என்பார்கள். உள்ளே காந்தம், அதைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பி, பல ஆயிரம் சுற்றுகள். காந்தம் தனக்கு மேலே செல்லும் எஃகுத் தந்தியையும் காந்தமாக்கிவிடுகிறது. தந்தி ஆடும்போது கம்பிச்சுருளை ஊடுருவும் காந்தப்புலமும் கூடவே ஆடுகிறது. புலம் மாறும் இடத்தில் மின்னழுத்தம் பிறக்கிறது. மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டறிந்த விதி இது. தந்தியும் பிக்அப்பும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை.

அப்படிப் பிறக்கும் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கும். ஆம்ப்ளிஃபயர் அதைப் பெருக்குகிறது. அரங்கை அதிரவைக்கும் ஆற்றல் சுவரிலுள்ள மின்னிணைப்பிலிருந்து வருகிறது, வாசிப்பவரின் புஜத்திலிருந்து அல்ல. விரல் செய்வது அந்த ஆற்றலுக்கு வடிவம் கொடுக்கும் வேலை. ராக் இசை ஆண்பிள்ளைகளின் உடல்வலு கேட்கும் சங்கதி என்று நெடுங்காலம் பேசினார்கள். 1932-இல் முதல் எலக்ட்ரிக் கிட்டார்கள் விற்பனைக்கு வந்தபோதே அந்தப் பேச்சுக்கு இயற்பியலில் இடமில்லாமல் போய்விட்டது. பதினாறு வயதுப் பெண்ணின் விரல் நுனி போதும். நான் இதை ஒரு விடுதலை என்றே சொல்வேன்.

ஆனால் அந்த விடுதலை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கிடைக்கவில்லை. 1961 நவம்பரில் கிளிஃப் ரிச்சர்டும் தி ஷேடோஸ் குழுவும் கேலாங் பக்கத்து ஹேப்பி வேர்ல்ட் அரங்கில் வாசித்துவிட்டுப் போனார்கள். அதன் பிறகு சிங்கப்பூரின் இளைஞர்கள் கிட்டாரும் கையுமாகத் திரிந்தார்கள். தி குவெஸ்ட்ஸ் குழுவின் ‘ஷான்டி’ 1964-இல் வெளிவந்து, உள்ளூர் வரிசைப் பட்டியலில் பீட்டில்ஸையே கீழே தள்ளியது. ரெஜி வர்கீஸின் கிட்டாரும் அந்தக் குழுவின் ஒலியோடு சேர்த்துப் பேசப்பட்டது. பெண்களும் இருந்தார்கள், மைக்கின் முன்னால். நவோமி சூரியா பாட, ‘தி பாய்ஸ்’ வாசித்தார்கள். ஹெதர் பாட, ‘தண்டர்பேர்ட்ஸ்’ வாசித்தார்கள். ரீட்டா சாவும் சகுரா டெங்கும் பாட, குவெஸ்ட்ஸ் பின்னணி தந்தார்கள். அந்தக் காலத்து இசைத்தட்டு உறைகளை வரிசையாக அடுக்கினால் இந்த வேலைப் பிரிவினை பளிச்சென்று தெரியும்: குரல் அவளுடையது, கருவி அவர்களுடையது.

கருவியையும் தாங்களே எடுத்துக்கொண்ட பெண்களைப் பார்க்கக் கடல் தாண்டி ஜாவாவுக்குப் போகவேண்டும். சுரபாயா நகரில் 1964-இல் தொடங்கிய குழு, தாரா புஸ்பிதா. அதன் முதல் ஆல்பத்தில் வாசித்தவர்கள்: தித்திக் ஏ.ஆர். லீட் கிட்டார், அவர் தங்கை லீஸ் ஏ.ஆர். ரிதம் கிட்டார், தித்திக் ஹம்சா பேஸ், சூசி நந்தர் டிரம்ஸ். இளம்பெண்கள். அதிபர் சுகர்னோவின் அரசு மேற்கத்திய ராக் இசையை வெறுத்த காலம் அது. பீட்டில்ஸ் பாணியில் வாசித்த கூஸ் பெர்சௌதாரா சகோதரர்கள் 1965-இல் மூன்று மாதம் சிறையில் இருந்தார்கள். அதே ஆண்டு இந்தப் பெண்கள் பாங்காக் மேடைகளில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். அரசியல் காற்று மாறிய 1966-இல் அவர்களின் முதல் ஆல்பம் வந்தது. பெயர் ‘யாங் பெர்த்தாமா’, அதாவது ‘முதலாவது’.

அப்போது இந்தப் பகுதி ஸ்டூடியோக்களில் குழு முழுவதும் ஒரே அறையில், ஒரே நேரத்தில் வாசிப்பதுதான் வழக்கம். ஒருவர் தடுமாறினால் எல்லோரும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். இதில் ஓர் அழகான இயற்பியல் ஒளிந்திருக்கிறது. டிரம்ஸின் ஓசை தன் மைக்கில் மட்டும் விழுவதில்லை. மூன்று மீட்டர் தள்ளி நிற்கும் பாடகியின் மைக்கையும் எட்டுகிறது, ஏறத்தாழ ஒரு விநாடியின் நூறில் ஒரு பங்கு தாமதமாக. காது இந்தத் தாமதத்தைத் தனி ஓசையாகப் பிரித்துக் கேட்காது. ‘இது ஓர் அறை, இதற்குள் மனிதர்கள் நிற்கிறார்கள்’ என்று மட்டும் புரிந்துகொள்ளும். பழைய ஒலிப்பதிவுகளில் நாம் உணரும் நெருக்கத்துக்கு இந்த ஒலிக்கசிவும் ஒரு காரணம்.

அக்காவும் தங்கையும் சேர்ந்து பாடும்போது இன்னொன்று நடக்கிறது. சற்றே வேறுபட்ட இரண்டு சுருதிகள் ஒன்றாக ஒலித்தால், அந்த வேறுபாட்டின் அளவுக்கு ஓசை ஏறி இறங்கும்: விநாடிக்கு 440 அதிர்வும் 442 அதிர்வும் சேர்ந்தால் விநாடிக்கு இரண்டு தடவை. தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பவர்கள் இந்த ஏற்ற இறக்கம் அடங்கும்வரை கேட்டுக்கொண்டே இருப்பார்கள். கூடப்பிறந்தவர்களின் தொண்டையும் வாயும் பெரும்பாலும் ஒத்த வடிவம், உச்சரிப்பும் ஒரே வீட்டில் கற்றது. அதனால் அவர்கள் குரல்களின் மேல்சுரங்கள், அதாவது மூல சுரத்தின் மடங்குகளாக எழும் ஒலிகள், எளிதில் ஒன்றின்மேல் ஒன்று படிகின்றன. இரண்டு குரல் என்று பிரித்துச் சொல்லவே சிரமமாகிவிடும்.

ராக் கிட்டாரின் கரகரப்பும் நமக்கு அந்நியமானது அல்ல. ஆம்ப்ளிஃபயரை அதன் திறனுக்கு மேலே முடுக்கினால் அலையின் உச்சிகள் தட்டையாக வெட்டுப்படும். வெட்டுப்பட்ட அலைக்குள் மூல சுரத்தின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, ஐந்து மடங்கு என மேல்சுரங்கள் புதிதாக முளைக்கின்றன. தம்புராவின் குதிரையில் (பிரிட்ஜ்) தந்திக்கு அடியே ஒரு நூலிழையைச் செருகி நகர்த்துகிறார்களே, அதன் நோக்கமும் மேல்சுரங்களை எழுப்புவதுதான். வழி வேறு, காதுக்குக் கிடைக்கும் செழிப்பு உறவுள்ளது.

இவ்வளவும் கடைசியில் ஒரு பள்ளத்துக்குள் போய்ச் சேர்ந்தன. நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழலும் எல்.பி. தட்டில், இருபது நிமிடப் பக்கத்துக்குச் சுமார் 667 சுற்றுகள். அந்தச் சுருளைப் பிரித்து நீட்டினால் 400 மீட்டருக்கு மேல் வரும்: தேக்காவிலிருந்து சிராங்கூன் ரோடு வழியே வீரமாகாளியம்மன் கோயிலுக்கு நடக்கும் தூரம், ஏறக்குறைய. ஊசி அவ்வளவு தூரமும் போகிறது, பள்ளத்தின் சுவர் நெளிவுகளைத் தடவியபடியே. பேஸ் ஒலியின் நெளிவு மிக அகலமானது. அப்படியே வெட்டினால் பக்கத்துப் பள்ளத்துக்குள் புகுந்துவிடும். ஆகவே தட்டு வெட்டும்போது பேஸைக் குறைத்து வெட்டுவார்கள், வீட்டிலுள்ள கருவி அதை அதே அளவு உயர்த்திக்கொள்ளும். 1950-களிலேயே இதற்குப் பொது அளவுகோல் வந்துவிட்டது.

பேஸை நான் வலியுறுத்த ஒரு காரணம் உண்டு. தாரா புஸ்பிதாவின் ஆல்பத்துக்குப் பத்து ஆண்டு கழித்து, 1976-இல், அமெரிக்காவின் தி ரன்அவேஸ் குழு தன் பெயரிலேயே முதல் ஆல்பத்தை வெளியிட்டது. ஐவருக்கும் பதினாறு, பதினேழு வயதுதான். ஜோன் ஜெட், லீட்டா ஃபோர்டு இருவரும் கிட்டார். சாண்டி வெஸ்ட் டிரம்ஸ். ஷெரி கரி குரல். பேஸ் வாசிப்பவர் ஜாக்கி ஃபாக்ஸ். ஆனால் தயாரிப்பாளர் கிம் ஃபௌலி ஸ்டூடியோவில் அவரை வாசிக்க விடவில்லை. நைஜல் ஹாரிசன் என்ற ஆண் கலைஞர் வாசித்தார்; அவர் பெயரைக் குறிப்பிடவும் இல்லை. பதினாறு வயதுப் பெண் மேடைதோறும் வாசித்த கருவி, அவள் குழுவின் முதல் தட்டில் அவள் கையால் ஒலிக்கவில்லை. பிக்அப் யாரையும் தடுக்கவில்லை, தடுத்தவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். இது எனக்கு இன்றும் கோபம் தருகிறது.

இன்று சிங்கப்பூரில் ஒரு பெண்பிள்ளைகள் குழு முதல் ஆல்பத்துக்கு முனைந்தால், அப்படிப்பட்ட தயாரிப்பாளரின் தயவு தேவையில்லை. விநாடிக்கு 44,100 தடவை ஒலியை அளந்து பதியும் கருவி படுக்கையறை மேசையில் அடங்கும். மிச்சமிருக்கும் தடை வீவக அடுக்குமாடி வீட்டின் சுவர். பேஸ் கிட்டாரின் தாழ்ந்த தந்தி விநாடிக்கு 41 தடவை அதிர்கிறது. அதன் ஒலியலை எட்டு மீட்டருக்கு மேல் நீளம். கான்கிரீட் சுவர் உயர்ந்த ஒலிகளை நன்றாகத் தடுக்கும். அதிர்வெண் பாதியாகக் குறையக் குறைய, சுவரின் தடுப்பும் தளர்ந்துகொண்டே போகும். அதனால்தான் மேல்மாடிக்குப் பாட்டு கேட்காமல் ‘தும் தும்’ மட்டும் கேட்கிறது. கிட்டாரை ஹெட்ஃபோனில் வாசித்துப் பழகலாம், டிரம்ஸுக்கு அந்த வசதி எளிதில் வாய்ப்பதில்லை. ஆகவே மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் ஜாமிங் ஸ்டூடியோக்கள் இன்னும் தேவைப்படுகின்றன.

ஜாவாவின் காருட் பகுதியில் பள்ளிக்கூட நாளிலேயே, 2014-இல், மூன்று பெண்கள் தொடங்கிய வாய்ஸ் ஆஃப் பாச்செப்ரோட் குழு தன் முதல் முழு ஆல்பமான ‘ரெதாஸ்’-ஐ 2023-இல் வெளியிட்டது. அதையும் சேர்த்து மூன்று முதல் ஆல்பங்களையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். பாடலை விட்டு, பேஸை மட்டும் பின்தொடருங்கள். 1966-இல் கேட்பது தித்திக் ஹம்சாவின் விரல். 1976-இல் கேட்பது ஹாரிசனுடையது. 2023-இல் கேட்பது விடி ரஹ்மாவதியின் விரல்.