நிறை என்னும் ஒரு சொல்

உணவு முடிந்ததும் 'வயிறு நிறைந்தது' என்கின்றோம். குடமும் நிறைகின்றது, திங்களும் நிறைகின்றது, நல்லுரை கேட்டால் நெஞ்சும் நிறைகின்றது. வியட்நாமியர்க்கு வயிறு நிறைதலைச் சொல்ல 'நொ' என்னும் தனிச்சொல் உண்டு. பாத்திரம் நிறைதற்கு அவர் வேறு சொல் கொள்வர். தமிழோ இவை யாவற்றையும் ஒரே அடிச்சொல்லால் ஆளுகின்றது.

ஆயினும் தமிழ் நுண்வேற்றுமை அறியாத மொழி அன்று. நீர் விளிம்பைத் தொட்டால் நிரம்பியது. விளிம்பில் அசைந்தால் ததும்பியது. விளிம்பைக் கடந்தால் வழிந்தது. உறுப்பொன்றும் குறையாதிருத்தலே முழுமை. இவ்வேற்றுமையைக் கண்டி வாவிக்கரையில் மாணவர் கண்ணாலேயே காணலாம். இறுதி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அமைத்த அவ்வாவி மாரியில் நிரம்புகின்றது. கரையில் அவன் எழுப்பிய முகில் வடிவச் சுவரோ வாவியைச் சுற்றி வரவில்லை. 1815இல் அவன் அரசு வீழ்ந்தபின் அது முழுமை பெறவேயில்லை. வாவி நிரம்பிற்று என்போம். சுவர் நிரம்பவில்லை என்பார் இலர்.

சிங்கள மக்கள் மங்கல நாளில் வாயிலில் வைக்கும் 'புன்கலச' நம் நிறைகுடமே. 'புன்' என்பது பூரணம் என்பதன் திரிபு. நிறைமதியும் அவர்க்குப் 'புன்சந்த'. மொழி எதுவாயினும், வாயிலில் குறைகுடம் வைப்பார் எவருமில்லை.

இனி, நிறை என்பதற்கு எடை என்னும் பொருளும் உண்டு. தராசுக்கு நிறைகோல் என்று பெயர். இவ்விரு பொருளும் ஒன்றோடொன்று முரணும் இடம் தேயிலைத் தோட்டம். கண்டியை அடுத்த லூல்கந்துரையில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார். அன்றுதொட்டு விரிந்த தோட்டங்களில் கண் காணும் நிறை வேறு. தராசு காட்டும் நிறை வேறு. கூடை நிறையக் கொழுந்து கொணர்ந்தாலும், கூடைக்கும் ஈரத்துக்குமெனக் கழித்தபின் குறித்த எடை வாராவிடின், அன்று 'அரைப்பேர்'. பேர் என்பது அங்கே நாட்கூலிக் கணக்கு. காலைமுதல் மலையேறி இறங்கியவள் ஏட்டிலே பாதி ஆளாகின்றாள்.

இத்தகைய சொற்களைக் கொச்சையென ஒதுக்குதல் புலமைக்கு அழகன்று. ஒரு மக்களின் உழைப்பும் குறையும் அவற்றிலே பதிந்துள்ளன. மலைநாட்டு ஆசிரியர்கள் தம் மாணவர் இல்லத்துச் சொற்களைக் கேட்டு எழுதி வைப்பாராக. அரைப்பேருக்கு உரை கூறாத அகராதி, எத்துணைப் பெரிதாயினும், நிறைந்ததாகாது.