டிராயரைக் கவிழ்த்துப் பாருங்கள்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. எனாமல் தூக்கு, பீங்கான் ஜாடி, ரசம் போன கண்ணாடி என்று பார்த்துக்கொண்டே போகிறவர்கள் கடைசியில் நின்றுவிடுவது மரச்சாமான்களின் முன்னால்தான். இந்தத் தெரு என்றில்லை, பழைய மரச்சாமான் விற்கும் எந்த ஊரிலும் கேட்கக்கூடிய வாசகம் ஒன்று உண்டு: "நூத்திருபது வருசம் சார், ஒரிஜினல் பர்மாத் தேக்கு." அதில் பாதி உண்மையாகவே இருக்கலாம். மரத்துக்கு நூற்றிருபது வயது. மேசைக்கு இரண்டு மாதம்.

இடித்த வீட்டின் தூணையும் உத்திரத்தையும் அறுத்துப் புதுச் சாமான் செய்வது குற்றமல்ல. "பழைய மரத்தில் புதிதாகச் செய்தது" என்று சொல்லி விற்கும் நேர்மையான வியாபாரிகளும் உண்டு. பழைய பாணியில் செய்வதும் குற்றமல்ல. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவே கோதிக் வளைவையும் ரொக்கோகோ சுருளையும் தோண்டியெடுத்து மறுபடி செதுக்கிக்கொண்டிருந்தது. பர்மாவிலும் மலாயாவிலும் வணிகம் செய்த நகரத்தார்கள் கட்டிய பெரிய வீடுகளுக்கு அந்த மோஸ்தர் வந்து சேர்ந்தது. நம் ஆசாரிகள் அதைத் தங்கள் கைக்குப் பழக்கிக்கொண்டார்கள். ஆகவே கூர்வளைவு வைத்த அலமாரி 1890இல் செய்ததாகவும் இருக்கலாம், 1935இல் செய்ததாகவும் இருக்கலாம், போன தை மாதம் செய்ததாகவும் இருக்கலாம். பாணியை வைத்து வயது சொல்ல முடியாது.

வயது இருப்பது யாரும் பார்க்காத இடத்தில்.

டிராயரை முழுதாக உருவிக் கவிழ்க்க வேண்டும். பல பத்தாண்டுகள் இழுத்து மூடிய டிராயரின் அடிவிளிம்பு தேய்ந்து சரிந்திருக்கும். அதற்கு ஈடான பள்ளம் உள்ளே அது ஓடும் சட்டத்திலும் விழுந்திருக்க வேண்டும். ஒன்றில் தேய்மானம் இருந்து மற்றதில் இல்லையென்றால், இரண்டும் ஒன்றாக வாழ்ந்தவை அல்ல. பிறகு நிறம். கையும் வெயிலும் படாத அடிப்பலகை முகப்பைப்போல் இருக்காது. உள்ளும் புறமும் ஒரே பழுப்பாக இருந்தால், பெர்மாங்கனேட் கரைசல் போன்ற ஏதோ பூசியிருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். உளு துளைத்த மரத்தில் வெளியே தெரிவது குண்டூசித் தலையளவு ஓட்டைகள்தான். ஓட்டைக்குப் பதில் நீளவாக்கில் பிளந்த வாய்க்கால் தெரிந்தால், உளுத்த பிறகு அந்த மரத்தை அறுத்திருக்கிறார்கள் என்று பொருள். வட்ட மேசையாக இருந்தால் ஒரு டேப் போதும். மரம் நாரின் குறுக்கேதான் சுருங்கும், நெடுக்கே அவ்வளவாகச் சுருங்காது. எனவே பழைய வட்டம் சில மில்லிமீட்டராவது நீள்வட்டமாகியிருக்கும். பிளஸ் தலைத் திருகாணி 1930களில் வந்த பொருள். விக்டோரியா காலத்து நாற்காலியில் அது இருந்தால் பழுதுபார்த்த கதையையாவது கேட்க வேண்டும்.

ஆங்கிலக் கையேடுகளை நம்பி ஏமாறுவதும் நடக்கிறது. மூலை இணைப்பு கையால் வெட்டியதாக இருந்தால் பழசு என்று அவை சொல்லும். இங்கே ஆசாரிகள் இன்றைக்கும் உளியால்தான் வெட்டுகிறார்கள்!

இதிலெல்லாம் தேர்ந்தவர்களும் சறுக்கியிருக்கிறார்கள். அமெரிக்காவின் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகம் 1970இல் 9,000 டாலர் கொடுத்து 17ஆம் நூற்றாண்டு நாற்காலி ஒன்றை வாங்கியது. அதைச் செய்தவர் ஆர்மண்ட் லமோன்டாய்ன் என்ற சிற்பி, நிபுணர்களை ஏமாற்றிக் காட்டவே செய்தது அது. அவரே உண்மையைச் சொன்ன பிறகு எக்ஸ்ரே எடுத்தார்கள். துளைகளுக்குள் நவீன டிரில்லின் தடம் தெரிந்தது.

விலைக்கு வருவோம். கன அடிக் கணக்கில் மரத்தின் மதிப்பு என்பது அடித்தளம் மட்டுமே. அதற்கு மேல் ஏறுவது வேலைப்பாடும், மாற்றாத பாகங்களும், எந்த வீட்டிலிருந்து வந்தது என்பதற்கான ஆதாரமும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று பாலீஷ் ஏற்றியது பார்க்க அழகு, ஆனால் விவரம் தெரிந்தவரிடம் மதிப்புக் குறைவு. அடுக்குமாடிப் படிக்கட்டில் ஏறாத கட்டிலுக்கும் கிராக்கி குறைவுதான்.

வாங்குபவரின் பாதுகாப்பு பில்லில் இருக்கிறது. வாயால் சொன்ன வயது, மரத்தின் பெயர், பழுதுபார்த்த விவரம் எல்லாவற்றையும் அதில் எழுதச் சொல்ல வேண்டும். எழுதத் தயங்கினால் அதுவே ஒரு பதில். பொருளின் தரம், பாணி பற்றிப் பொய் சொல்வதை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. 1915 என்ற உதவி எண்ணில் முதலில் முறையிடலாம். கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. இரண்டு ஆண்டுக்குள், தான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். மறுவிற்பனைக்கு வாங்கிய வியாபாரிக்கு இந்த வழி இல்லை.

வெளிநாட்டுக்கு அனுப்ப நினைப்பவர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி, கட்டடத்திலிருந்து பெயர்த்த கதவு, தூண் உள்பட நூறாண்டு கடந்த கலைப்பொருள்களைத் தனியார் ஏற்றுமதி செய்யக் கூடாது. மீறினால் ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறை. "நூத்திருபது வருசம், லண்டனுக்கு நாங்களே அனுப்பிடுவோம்" என்று ஒருவர் ஒரே மூச்சில் சொன்னால், ஒன்று வயது பொய், இல்லையேல் ஏற்றுமதி குற்றம். தோதகத்தி என்கிற ஈட்டி மரச்சாமானுக்கு 2017 முதல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகம் பற்றிய சைட்ஸ் ஒப்பந்தக் கட்டுப்பாடும் உண்டு. தந்தம் இழைத்த பெட்டி எத்தனை அழகாக இருந்தாலும் வாங்கக் கூடாது, விற்கவும் கூடாது.

விற்பவர் பக்கமும் ஏமாற்றம் உண்டு. பல பங்காளிகளுக்குப் பொதுவான வீட்டின் சாமானை ஒருவர் மட்டும் பேசி விற்றால், மற்றப் பங்குதாரர்கள் நீதிமன்றம் போகலாம். புரோக்கரின் லாரி வருமுன் எல்லோரும் எழுதிக் கையெழுத்திட்டு, ஒவ்வொரு உருப்படியையும் படம் எடுத்து, குறைந்தது இரண்டு பேரிடமாவது தனித்தனியாக விலை கேட்பது நல்லது. அலமாரியைக் காலிசெய்யும்போது உள்ளே விரித்த காகிதத்தையும் பார்க்க வேண்டும். குப்பை என்று அள்ளிப்போடும் அந்தக் காகிதங்களுக்குள் ஒரு பழைய ரங்கூன் கடை ரசீது இருந்தால், அந்த அலமாரியின் விலையே வேறு.