மூன்று சக்கர மோட்டாருக்கு முன் டயர் வாங்கும் முன்...

நடக்க இயலாத பலருக்கு மூன்று சக்கர மோட்டார்தான் கால். வேலைக்கும் மருத்துவமனைக்கும் கோயிலுக்கும் அதில்தான் போகிறார்கள். நம் நாட்டில் இவ்வகை வண்டிகள் பெரும்பாலும் சாதாரண காப்சாய் மோட்டாரை மாற்றியமைத்துச் செய்யப்படுபவை. சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயின் அனுமதியோடு பின்னால் அச்சு ஒன்றைப் பொருத்தி, இரண்டு சக்கரங்களை மாட்டுகிறார்கள். முன்பகுதி மட்டும் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும்.

முன் டயர் தேய்ந்ததும், “காப்சாய்க்கு ஒரு முன் டயர்” என்று கேட்டு வாங்கி மாட்டிவிடுவது வழக்கம். அது பொருந்தவும் செய்யும். ஆனால், டயரின் நடுப்பகுதி மட்டும் சீக்கிரமே தட்டையாகத் தேய்ந்துவிடும். ஹேண்டல் கனக்கும். மழையில் திருப்பினால் வண்டி திரும்பாமல் நேராக இழுக்கும். கீழே கால் ஊன்றிச் சமாளிக்க முடியாத ஒருவருக்கு இது சிறிய விஷயமல்ல.

சாயாத வண்டிக்குச் சாயும் டயர்

இரு சக்கர மோட்டார் வளைவில் சாய்ந்து திரும்புகிறது. சாயும்போதும் சாலையைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்பதால்தான் மோட்டார் டயரின் மேற்பரப்பு உருண்டையாக இருக்கிறது.

மூன்று சக்கர வண்டி சாயாது. முன் சக்கரம் நிமிர்ந்தபடியே நின்று, முழு வண்டியையும் தனியாகப் பக்கவாட்டில் இழுத்துத் திருப்ப வேண்டும். உருண்டையான டயர் நிமிர்ந்து நிற்கும்போது, நடுவில் ஓர் ஒடுங்கிய பட்டை மட்டுமே சாலையில் படுகிறது. எல்லாத் திருப்பங்களையும் அந்தப் பட்டையே தாங்குகிறது. ஐஸ்கிரீம், ரொட்டி விற்கும் சைட்கார் வண்டிகளும் சாய்வதில்லை என்பதால் அவற்றுக்கும் இதே நிலைதான்.

ஆகவே, மூன்று சக்கர வண்டியின் முன் டயருக்கு வேண்டியவை மூன்று: சற்றே தட்டையான மேற்பரப்பு, உறுதியான பக்கச் சுவர், போதிய சுமை தாங்கும் திறன்.

டயரில் உள்ள எண்கள்

டயரின் பக்கவாட்டில் 70/90-17 38பி என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 70 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 90 என்றால் உயரம் அந்த அகலத்தில் 90 விழுக்காடு, அதாவது 63 மில்லிமீட்டர். 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

அடுத்த எண்தான் முக்கியம். 38 என்றால் அந்த டயர் 132 கிலோ வரை தாங்கும். 33 என்றால் 115 கிலோ, 42 என்றால் 150 கிலோ. பி என்ற எழுத்து மணிக்கு 150 கிலோமீட்டர் என்ற வேக வரம்பைக் குறிக்கிறது. மூன்று சக்கர வண்டி அந்த வேகத்தில் ஓடப்போவதில்லை. எனவே, வேக எழுத்தைவிடச் சுமை எண்ணையே முதலில் பார்க்க வேண்டும். பழைய டயரில் உள்ளதைவிடக் குறைந்த எண்ணை வாங்கக்கூடாது.

அகலம் கூடினால் நல்லதா?

ஓர் அளவு அகலமான டயர் உதவும். ஆனால், அதற்கு ரிம் இடம் கொடுக்க வேண்டும். காப்சாயின் முன் ரிம் பொதுவாக 1.4 அல்லது 1.6 அங்குல அகலமே இருக்கும். ரிம்மிலேயே அது பொறிக்கப்பட்டிருக்கும். ஒடுங்கிய ரிம்மில் அகலமான டயரைத் திணித்தால், இரு பக்கமும் நெருக்கப்பட்டு டயர் இன்னும் உருண்டையாகிவிடும். நாம் தேடியதற்கு நேர்மாறான பலன்! முன் ஃபோர்க்கிலும் மட்கார்டிலும் டயர் உரசாமல் சுற்றுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

சிலர் பின் சக்கர டயரை முன்னால் மாட்டுகிறார்கள். பெரிய மோட்டார்களில் மூன்று சக்கரம் ஓட்டுவோர் நெடுங்காலமாகச் செய்வது இது. பின் டயர் பொதுவாகக் கூடுதல் சுமை தாங்கும். மேற்பரப்பும் தட்டையாக இருக்கும். ஆனால், பின் டயர் இஞ்சின் தள்ளும் விசைக்காகச் செய்யப்பட்டது. முன்னால் அதற்குக் கிடைப்பதோ பிரேக்கின் எதிர் விசை. அதனால், அம்புக்குறிக்கு எதிர்த்திசையில் சுற்றும்படி மாட்டச் சில தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். அந்த டயருக்கு இது பொருந்துமா என்று கடைக்காரரிடம் கேட்டுவிட்டே மாட்ட வேண்டும்.

டியூப், தேதி, காற்று

டியூப் உள்ள டயரில் ஆணி ஏறினால் காற்று சட்டென்று இறங்கிவிடக்கூடும். டியூப்லெஸ் டயரில் பெரும்பாலும் மெதுவாகவே இறங்கும். செம்பனைத் தோட்டத்துச் சாலையில் தனியாகப் போகிறவருக்கு இந்த வித்தியாசம் பெரிது. ஆனால், கம்பி ரிம்மில் பொதுவாக டியூப் இல்லாமல் ஓட்ட முடியாது. அதற்கேற்ற வார்ப்பு ரிம் வேண்டும்.

தயாரிப்புத் தேதி நான்கு இலக்கங்களில் இருக்கும். 3523 என்றால் 2023ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். மலிவு விலைக்குப் பழைய சரக்கைத் தள்ளிவிடுகிறார்களா என்பதை இதில் கண்டுகொள்ளலாம்.

காற்றை வாரம் ஒருமுறை, டயர் சூடாகும் முன் பார்க்க வேண்டும். குறைந்தால் பக்கச் சுவர் மடங்கி ஹேண்டல் கனக்கும். மிகுந்தால் நடுப்பகுதி இன்னும் விரைவாகத் தேயும். மடித்த சக்கர நாற்காலியையோ கேஸ் தோம்பையோ பின் அச்சுக்கு அப்பால் ஏற்றினால் முன் சக்கரம் இலேசாகி, எவ்வளவு நல்ல டயரானாலும் பிடிப்பை இழக்கும். கனமான பொருளை அச்சுக்கு முன்னால் வைப்பதே பாதுகாப்பு.

பழைய டயரை வீசும் முன்

கழற்றிய டயரை ஒருமுறை உற்றுப் பார்க்க வேண்டும். நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால், மேலே சொன்ன உருண்டை வடிவமோ அதிகக் காற்றோ காரணமாக இருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் கோளாறு டயரில் இல்லை. பின் அச்சோ முன் ஃபோர்க்கோ கோணலாக இருக்கக்கூடும். அதைச் சரிசெய்யாமல் புது டயர் மாட்டினால் அதுவும் அப்படியே தேயும். அச்சைப் பொருத்திய பட்டறைக்கே முதலில் போக வேண்டும்.

புது டயரின் மேற்பரப்பு தொடக்கத்தில் வழுக்கும். முதல் 100 கிலோமீட்டர் வரை மெதுவாக ஓட்டுவதும், காலியான திடலில் திருப்பிப் பார்ப்பதும் நல்லது. கடைக்கு ரிம்மை மட்டும் கொடுத்தனுப்பாமல் வண்டியையே கொண்டுபோனால், அது மூன்று சக்கரத்தில் ஓடுவது என்பதைக் கடைக்காரரும் நேரில் கண்டு டயரைத் தேர்ந்தெடுப்பார்.