ஒரு மரத்தின் மேல் ஓர் உலகம்

வெப்பவலயக் காட்டிற் புகுந்து ஒரு பெருமரத்தின் அடியில் நிற்பவர் காண்பது சொற்பமே. சுவர்போல விரிந்த பலகை வேர்களும், கிளையின்றி நெடிதுயர்ந்த அடிமரமும், தலைக்கு மேலே நூறு, நூற்றைம்பது அடி உயரத்திற் பசுங்கூரையும் கண்ணிற்படும். அக்கூரைக்குள் நடப்பது என்ன என்பது கீழே நிற்பவருக்குத் தெரியாது. பூவும் கனியும் அங்கே. உண்பனவும் உண்ணப்படுவனவும் பெரும்பாலும் அங்கே. நெடுங்காலமாக ஆராய்ச்சியாளர் உதிர்ந்த பூவையும் வெட்டிச் சாய்த்த மரத்தையும் கொண்டே அவ்வுலகத்தை ஊகித்து வந்தனர். இடிந்து கிடக்கும் வீட்டைப் பார்த்து அங்கு வாழ்ந்த குடும்பத்தின் கதையை எழுதுவது போன்ற வேலை அது.

மரத்தின் மேலேயே சென்று பார்க்கும் முயற்சி 1970ஆம் ஆண்டுகளில் ஊக்கம் பெற்றது. மத்திய அமெரிக்காவிலுள்ள கொஸ்தாரிக்கா நாட்டில், டொனால்ட் பெரி என்னும் ஆய்வாளர் வில்லினால் அம்பெய்து, உயர்ந்த கிளைகளின் மேலாகக் கயிற்றைச் செலுத்தி, மலையேறுவோரின் உபகரணங்களைப் பூண்டு மேலே ஏறினார். 1986இல் பிரான்சிஸ் ஹாலே என்னும் பிரெஞ்சுத் தாவரவியலறிஞரும் அவருடைய தோழர்களும், காற்றடைத்த குழாய்களும் வலையும் கொண்ட தெப்பமொன்றைப் பிரெஞ்சுக் கயானாவின் மரமுடிகளின் மேல் இறக்கினர். 1990இல் அலன் ஸ்மித் என்பவர், மாடிக் கட்டடம் எழுப்புவோர் பயன்படுத்தும் கோபுரப் பாரந்தூக்கியைப் பனாமா நகரத்துப் பூங்காக் காட்டில் நிறுத்தி, அதன் கூண்டில் அமர்ந்து மரமுடிகளை வேண்டிய இடத்தில் ஆராய வழி செய்தார்.

ஆனால் உலகத்தை வியக்க வைத்தவர் மேலே ஏறியவர்களில் ஒருவரல்லர். மேலுள்ளவற்றைக் கீழே வரவழைத்தவர். ஸ்மித்சோனியன் நிறுவனத்துப் பூச்சியியலறிஞர் டெரி எர்வின், காற்று அசையாத வேளையில் மரத்துக்குள் பூச்சிகொல்லிப் புகையைச் செலுத்தினார். கீழே விரித்த துணிப் புனல்களில் பூச்சிகள் மழைபோல உதிர்ந்தன. பனாமாவில் லூஹியா என்னும் ஒரே இன மரங்கள் பத்தொன்பதில் இவ்வாறு செய்தபோது, வண்டுகள் மட்டும் ஏறக்குறைய 1,200 இனங்கள் கிடைத்தன. அதிலிருந்து கணக்கிட்டு, வெப்பவலயக் காடுகளில் மூன்று கோடி பூச்சியினங்கள் இருக்கலாம் என 1982இல் எழுதினார். அதுகாறும் உலகம் முழுவதிலும் விஞ்ஞானிகள் பெயரிட்டிருந்த உயிரினங்கள் யாவும் சேர்ந்தே சுமார் 15 இலட்சந்தான். எர்வினின் கட்டுரையோ இரண்டு பக்கமே.

அவர் கணக்கு அப்படியே நிற்கவில்லை. ஒவ்வொரு மரவினத்துக்கும் அதற்கேயுரிய வண்டுகள் நூற்றுக்கு மேல் உண்டு என அவர் கருதினார். பப்புவா நியூகினியில் நடந்த பிந்திய ஆய்வுகளோ, பல பூச்சிகள் ஒன்றுக்கொன்று உறவான பல மரங்களிலும் உண்பதைக் காட்டின. 2015இல் வெளியான மதிப்பீடொன்று, நிலத்தில் வாழும் பூச்சி, சிலந்தி முதலிய கணுக்காலிகளின் இனங்களைச் சுமார் 70 இலட்சமாகக் குறைத்தது. ஆயினும் கணக்குத் தவறியதாற் கேள்வி சிறுத்துவிடவில்லை. பெரு நாட்டின் தம்போபாத்தா வனத்திற் புகையூட்டிய ஒரே மரத்திலிருந்து விழுந்த எறும்புகளை எட்வர்ட் வில்சன் வகைப்படுத்தியபோது, 26 பேரினங்களைச் சேர்ந்த 43 இனங்கள் இருந்தன. பிரித்தானியத் தீவுகள் அனைத்திலுமுள்ள எறும்பினங்களின் தொகையும் ஏறத்தாழ அவ்வளவே! ஒரு மரம் ஒரு நாட்டுக்குச் சமமாயிற்று.

எண்ணிக்கை வியப்பைத் தரும்; காரணத்தைச் சொல்லாது. ஒரு மரம் எவ்வாறு இத்தனை உயிர்களைத் தாங்குகின்றது? இதற்கு விடையளிப்பதிற் பெரும் பங்கு கொண்டவர் நளினி நட்கர்னி. இந்தியத் தந்தைக்கு அமெரிக்காவிற் பிறந்த இப்பெண்மணி, மாணவியாயிருந்த காலத்திலேயே கயிற்றைப் பற்றி மரமேறியவர். முதிய மரத்தின் அகன்ற கிளைகளில் முதலிற் பாசி படர்கின்றது. அதன்மேற் பன்னங்களும் ஓர்க்கிட்டுகளும் அன்னாசிக் குடும்பத்துச் செடிகளும் தொற்றிக்கொள்கின்றன. இவை புல்லுருவியைப் போல மரத்தின் சாற்றை உறிஞ்சுவனவல்ல. மழையிலும் மூடுபனியிலும் காற்றில் வரும் தூசியிலுமிருந்து தம் உணவைத் தேடுகின்றன. இவற்றின் உக்கிய இலைகளால், தரைக்கு வெகு உயரத்தில் கிளைமேலேயே கறுத்த மண் உண்டாகின்றது. அதனுள் மண்புழுக்கூட வாழ்கின்றது. நட்கர்னி அம்மண்ணைக் கிளறிப் பார்த்தபோது, அங்கே பரவியிருந்த வேர்களுட் சில அம்மரத்தினுடைய வேர்களாகவே இருந்தன. தன் கிளைகளிலிருந்தே வேர் விட்டு, தன் மேல் தங்கியவை சேர்த்த சத்தை மரம் உண்கின்றது. 1981இல் இச்செய்தி வெளியாயிற்று. வாடகை வாங்கும் வீட்டுக்காரனை நாம் அறிவோம். ஒட்டுண்ணியென எண்ணியிருந்த குடிகளிடம் மரமும் வாடகை வாங்குகின்றது என்பதை அன்றுவரை அறிந்தவர் மிகச் சிலர்.

இந்த மேல்மாடி மண் விரைவில் உண்டாவதன்று. கொஸ்தாரிக்காவின் மொன்தெவெர்தே மலைக்காட்டில் நட்கர்னி சில கிளைகளைச் சுரண்டி வெறுமையாக்கி, மீண்டும் பாசி படர்வதைக் கவனித்து வந்தார். பத்தாண்டுகள் கழிந்த பின்னும் அவை பழைய நிலையை அடையவில்லை.

அன்னாசிக் குடும்பத்துச் செடியின் இலைக்கவட்டில் மழைநீர் தேங்கும். ஒரு கிண்ணமளவான அந்நீரில் நுளம்பின் கூத்தாடிகளும், அவற்றைத் தின்னும் தும்பிக் குஞ்சுகளும் உண்டு. நம் சுண்டுவிரலின் ஓர் அங்கத்தை விடப் பெரிதல்லாத செந்நிற நச்சுத் தவளையின் கதை இன்னும் விசித்திரமானது. தரையிற் கிடக்கும் சருகில் முட்டை பொரித்ததும், தாய் தன் வாற்பேய்க் குஞ்சை முதுகிற் சுமந்து செடியில் ஏறி, ஒரு கவட்டு நீரில் விடுகின்றது. குஞ்சுக்கொரு குளம், ஒரு குளத்தில் ஒரு குஞ்சு. பின்னர்ச் சில நாளைக்கொரு முறை வந்து, கருவுறாத முட்டையை அதற்கு உணவாக இட்டுச் செல்கின்றது. தாயின் நஞ்சும் அம்முட்டை வழியே குஞ்சைச் சேர்ந்து அதைக் காக்கின்றது. அந்த நஞ்சோ தவளை தானே ஆக்கியதன்று. அது தின்ற எறும்பிலும் சிற்றுண்ணியிலும் இருந்து வந்தது.

மரத்தின் வயதை அறிவதும் எளிதன்று. பருவமாற்றம் குறைந்த இக்காடுகளிற் பல மரங்களில் ஆண்டு வளையங்கள் தெளிவாக விழுவதில்லை. பிரேசிலில் மனாவுஸ் நகரை அடுத்த காட்டில் வெட்டப்பட்ட 20 பெருமரங்களைக் கதிரியக்கக் கரி முறையால் ஆராய்ந்து, முடிவுகளை 1998இல் வெளியிட்டனர். அவற்றுள் ஒன்றுக்கு வயது ஏறக்குறைய 1,400 எனக் கணக்கிடப்பட்டது. அப்பரும் சம்பந்தரும் தலங்கள்தோறும் பாடிச் சென்ற காலத்தில் அது கன்றாயிருந்திருக்கும்!

முதுமையோடு பொந்தும் வரும். உள்வயிரம் உக்கிப்போன மரத்தைப் பயனற்றதென மரவியாபாரி கழிக்கிறான். டானியல் ஜான்சன் என்னும் அறிஞரோ, பொந்தில் வாழும் வௌவால் முதலியவற்றின் எச்சம் மரத்துக்கே எருவாகலாம் என 1976இல் வாதிட்டார்.

இத்தகைய பெருமரங்களே காடு துண்டாடப்படும்போது முதலில் மடிகின்றன. மனாவுஸ் பகுதியில் நெடுங்காலம் நடந்த ஆய்வு இதனை 2000இல் எடுத்துக்காட்டியது. காட்டின் ஓரத்தில் வீசும் காற்று உயர்ந்த மரத்தையே முறிக்கின்றது. உலர்ச்சியும் கொடிகளின் பாரமும் மற்றதைச் செய்துவிடுகின்றன. கோடரி தீண்டாத மரமும் இவ்வாறு சாகின்றது.

கொஸ்தாரிக்காவின் அல்மென்ட்ரோ மரத்தின் கதை வேறு விதமானது. வாதுமை என்று பொருள்படும் பெயருடைய இம்மரத்தின் வைரம் மிகக் கடினமாகையால், வலிய இயந்திர வாள்கள் வரும்வரை வெட்டுவோர் அதனை விட்டுச் சென்றனர். வாள் வந்ததும் மரம் குறைந்தது. அதன் பொந்துகளிற் கூடு கட்டி அதன் விதையையே பெரிதும் உண்ணும் பெரிய பச்சைப் பஞ்சவர்ணக்கிளியும் குறைந்தது. 2008இல் அந்நாட்டு நீதிமன்றம் இம்மரத்தை வெட்டுவதைத் தடுத்தது. தடையாற் பிழைத்த மரங்களுட் பல, சுற்றியிருந்த காடு அழிந்த பின் மாட்டு மேய்ச்சல் நிலங்களின் நடுவே தனித்து நிற்கின்றன. கிளிகள் இன்னும் அவற்றைத் தேடி வருகின்றன. அடியில் விதை விழுந்து முளைத்தாலும், கன்று தலையெடுக்குமுன் மாடுகள் கடித்தும் மிதித்தும் விடுகின்றன.